மூக்கு அறிவிக்கும் மின் ஆபத்து

ஐம்புலன்களுள் கண்ணையும் செவியையும் நாம் பெரிதும் போற்றுகின்றோம். பள்ளியில் கற்பதும் கற்பிப்பதும் பெரும்பாலும் இவ்விரண்டின் வழியாகவே நிகழ்கின்றன. மூக்கையோ உணவு வேளையில் மட்டுமே நினைத்துக்கொள்கின்றோம். ஆயினும் தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, தொடுகைக்கும் சுவைக்கும் அடுத்ததாக, கண்ணுக்கும் செவிக்கும் முன்னதாகவே மூக்கின் அறிவை வைத்துள்ளது. எறும்பும் கறையானும் அங்கே மூவறிவு உயிர்களாகக் கூறப்படுகின்றன. எறும்புக்கு வழிகாட்டும் இந்த அறிவு மனிதருக்குக் காவலாளியாகவும் விளங்குகின்றது. அக்காவலாளி எமது வீட்டு மின்சாரத்தைப் பற்றி என்ன சொல்லக்கூடும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஐக்கிய இராச்சியத்தில் வாழும் எமக்கு இது மிகவும் வேண்டிய ஆராய்ச்சியாகும். குளிர்காலத்தில் யன்னல்களை அடைத்துவிட்டு மின்சூடாக்கி, மின்கேத்தில், சலவை இயந்திரம், உடை உலர்த்தி ஆகியவற்றை ஒருங்கே இயக்குகின்றோம். அதே வீட்டில் மீன்குழம்பு கொதிக்கின்றது, மிளகாய் வறுபடுகின்றது, சுவாமி அறையில் ஊதுவத்தியும் கற்பூரமும் எரிகின்றன. இத்தனை மணங்களுக்கு நடுவே புதியதொரு மணம் எழுந்தால், அதனை வேறுபடுத்தி அறிவது எளிதன்று. அறியாமல் விட்டாலோ விளைவு பெரிதாகலாம்.

சூடு எவ்வாறு பிறக்கின்றது?

மின்னோட்டம் ஒரு கடத்தியின் ஊடாகச் செல்லும்போது வெப்பம் பிறக்கின்றது. இவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் கடத்தியின் தடைக்கும் விகிதசமமானது என்பதை 1840 ஆம் ஆண்டளவில் நிறுவியவர், இந்நாட்டின் சல்ஃபோர்ட் நகரிற் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்கொற் ஜூல் என்னும் அறிஞர். மேல்வகுப்பு மாணவர்கள் பாடசாலையிற் கற்கும் இவ்விதியை எமது சமையலறையிலேயே பொருத்திப் பார்க்கலாம்.

3 கிலோவாற்று வலுவுள்ள மின்கேத்தில் 230 வோல்ற்று அழுத்தத்தில் ஏறத்தாழ 13 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கின்றது. பிளக்கின் உலோக ஊசியும் சொக்கற்றின் உள்ளே உள்ள உலோகத் தகடும் இறுகப் பொருந்தியிருந்தால், அவை தொடும் இடத்தின் தடை மிகமிகச் சிறிது. அதனை ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், அங்கே பிறக்கும் வெப்பம் 0.17 வாற்று மட்டுமே. அதே இடம் தளர்ந்தோ அழுக்கேறியோ தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், வெப்பம் 17 வாற்று ஆகின்றது. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய மின்கோல் ஒன்றின் வலு 25 வாற்று அளவினதே. அத்தகைய கோலொன்றைச் சுவரிலுள்ள பிளாஸ்ரிக் தட்டின் பின்னே மறைத்துவைத்தால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேரும்.

இச்சூடு தானே தன்னை வளர்க்கும் இயல்புடையது. சூடேறிய உலோகத்தின் மேற்பரப்பு ஒட்சியேற்றம் அடைகின்றது. சுருள்வில்லைப் போலப் பிடித்திருந்த தகடு இளகித் தளர்கின்றது. தடை மேலும் கூடுகின்றது. சூடும் மேலும் கூடுகின்றது. பல வாரங்களாகவோ மாதங்களாகவோ மெல்ல வளர்ந்துவரும் இந்நோய் ஒருநாள் தீயாக முற்றலாம்.

உருகி ஏன் காப்பாற்றுவதில்லை?

“பியூஸ் இருக்கின்றதே, அது அறுந்து எம்மைக் காப்பாற்றாதா?” என்று பலர் வினவுவர். இங்கேதான் நாம் தெளிவு பெறவேண்டும். பியூஸ் எனப்படும் உருகி, மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டுமே அறும். தளர்ந்த இணைப்பினால் மின்னோட்டம் கூடுவதில்லை. தடை சேர்வதால் அது சிறிது குறையவே செய்கின்றது. ஆகவே உருகிக்கு எல்லாம் ஒழுங்காக நடைபெறுவதாகவே தோன்றும். மின்பகிர்வுப் பெட்டியிலுள்ள மின்கசிவு துண்டிக்கும் கருவியும், வெளியே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதையே நோக்குகின்றது. தளர்ந்த இணைப்பில் கசிவு இல்லாதபடியால் அதுவும் பேசாதிருக்கும்.

இந்நாட்டுப் பிளக் உலகில் மிகவும் பாதுகாப்பானவற்றுள் ஒன்று எனப் பெயர் பெற்றது. 1947 ஆம் ஆண்டில் பி.எஸ். 1363 என்னும் நியமமாக அறிமுகமான அது தனக்குள்ளேயே உருகியைக் கொண்டுள்ளது. ஆயினும் தளர்ச்சி என்னும் குறைக்கு அந்த உருகியும் மருந்தாவதில்லை. இத்தகைய வேளையில் முதலில் எச்சரிப்பது பெரும்பாலும் எமது மூக்கே.

மணங்களின் வகைகள்

மின்சாரத்திற்கு மணமில்லை. சூடேறும் பொருள்களே மணம் தருகின்றன. எனவே எந்தப் பொருள் சூடேறுகின்றது என்பதை மணத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

முதலாவது, மீன் வெடில். பெற்றோர்கள் இதனைச் சிறப்பாக மனதிற் கொள்ளுதல் வேண்டும். சொக்கற், பிளக், சுவிச்சு ஆகியவற்றின் வெள்ளை நிறப் பாகங்கள் பெரும்பாலும் யூரியாவும் போர்மல்டிகைட்டும் சேர்ந்த ஒருவகைப் பிசினால் ஆனவை. இவை சூடேறி உருகுவதில்லை, சிதைகின்றன. அவ்வாறு சிதையும்போது அமோனியாவும் அமைன்கள் எனப்படும் நைதரசன் சேர்வைகளும் வெளிவரலாம். மீன் பழுதடையும்போது எழும் வெடிலுக்கும் அமைன் வகைச் சேர்வையே காரணம். ஆதலால், சூடேறும் சொக்கற்றின் மணம் சிலருக்கு மீன் போலவும் வேறு சிலருக்குச் சிறுநீர் போலவும் தோன்றும். மீன் சமைக்காத வீட்டில் இம்மணம் உடனே வியப்பை உண்டாக்கும். எமது வீடுகளிலோ “நேற்றைய குழம்பு” என்று எண்ணி யன்னலைத் திறந்துவிட்டு இருந்துவிடுவோம்.

இரண்டாவது, மூக்கைக் குத்தும் காரமான பிளாஸ்ரிக் மணம். மின்கம்பிகளின் மேலுறை பி.வி.சி. என்னும் பொருளால் ஆனது. அது கடுமையாகச் சூடேறினால் ஐதரசன் குளோரைட்டு வாயுவை வெளிவிடும். கண்ணும் தொண்டையும் எரிவதற்கு அதுவே காரணம். இம்மணத்தை நின்று முகர்ந்து ஆராய்தல் தகாது.

மூன்றாவது, மின்னல் வெட்டிய பின் எழுவது போன்ற கூரிய மணம். மின்பொறி பாயும் இடத்தில் ஓசோன் உண்டாகின்றது. 1839 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்த ஷேன்பைன் என்னும் வேதியியலாளர், மணத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் அமைத்தார். இம்மணத்துடன் சொக்கற்றில் ‘சடசட’ என்னும் ஒலியும் கேட்டால், உள்ளே பொறி பாய்கின்றது எனக் கொள்ளலாம்.

நான்காவது, கருகிய தூசியின் மணம். கோடை முழுவதும் ஓய்ந்திருந்த சூடாக்கியை இலையுதிர்காலத்தில் முதன்முதலாக இயக்கும்போது படிந்த தூசி கருகி மணக்கும். இது பொதுவாகச் சிறிது நேரத்தில் நீங்கிவிடும். நீங்காது தொடர்ந்தாலும், மறுநாளும் எழுந்தாலும் அது தூசி மட்டுமன்று.

மூக்கின் குறைபாடுகள்

எக்காவலாளிக்கும் சில குறைகள் உண்டு. ஒரே மணத்தை இடைவிடாது முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிப்போகின்றது. ஆகவேதான் வீட்டிலுள்ளவர் உணராத மணத்தை வாயிலில் நிற்கும் விருந்தினர் முதலில் உணர்கின்றார். “என்ன மணக்குது?” என்று விருந்தினர் வினவினால், அதனைக் குறைகூறல் எனக் கருதாது எச்சரிக்கை எனக் கருதுதல் நன்று. தடிமன் பிடித்தவருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் மோப்ப ஆற்றல் குறைந்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது.

மிகப்பெரிய குறை உறக்கமாகும். 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான மேரி கார்ஸ்கடனும் ரேச்சல் ஹெர்சும் வெளியிட்ட ஆய்வில், ஆழ்ந்து உறங்குவோரைக் கடுமையான மணமும் எழுப்புவதில்லை என்பது தெரியவந்தது. ஒலியோ அவர்களை எழுப்பியது. உறங்கும்போது மூக்கும் உறங்குகின்றது. செவி காவல் இருக்கின்றது. ஆதலால் மூக்கினால் பகலில் மட்டுமே பயன் பெறலாம். இரவுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி இன்றியமையாதது.

2017 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் அதிகாலையில் மேற்கு இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீயை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 72 உயிர்களைப் பலிகொண்ட அத்தீ, ஒரு வீட்டின் சமையலறையிலிருந்த குளிர்சாதனப் பெட்டியின் மின்கோளாற்றில் தொடங்கியது என்று 2019 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அது கட்டடம் முழுவதும் பரவியதற்கு வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய பலகைகள் காரணமாயின. தீ தொடங்கிய வீட்டில் உறங்கியவரைத் துயிலெழுப்பியது புகை எச்சரிக்கைக் கருவியின் ஒலியே.

தேடிக் கண்டறியும் முறை

புகையோ தீச்சுவாலையோ தென்பட்டால் தேடுதல் வேண்டாம். அனைவரும் வெளியேறி, கதவை மூடிவிட்டு, 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். எரியும் மணம் கடுமையாக இருந்து, இடம் தெரியாவிடினும் தீயணைப்புப் படையினரை அழைக்கத் தயங்கக்கூடாது. மணம் மெல்லியதாக இருந்தால் மட்டும் பின்வரும் ஒழுங்கில் ஆராயலாம்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மணம் எப்போது எழுகின்றது, அவ்வேளையில் எவையெவை இயங்கின என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தால், இரண்டு மூன்று நாட்களில் ஓர் ஒழுங்கு புலப்படலாம்.

அடுத்து, மூக்கைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே சென்று சில நிமிடங்கள் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு உள்ளே வந்து, அறை அறையாகச் சென்றால் எவ்வறையில் மணம் மிகுதி என்பது விளங்கும். சிறுவர்களின் மூக்கு கூர்மையானது, அவர்களையும் கேட்கலாம்.

பின்னர் கண்ணைப் பயன்படுத்த வேண்டும். சொக்கற்றின் துளைகளைச் சுற்றியும் பிளக்கின் அடியிலும் மஞ்சள் அல்லது மண்ணிறக் கறை, வளைவு, கொப்புளம் ஆகியன உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மின்விளக்கு துடிக்கின்றதா, சுவிச்சில் ‘உர்’ என்னும் ஒலி உள்ளதா எனக் கவனிக்க வேண்டும்.

இறுதியாக, ஐயத்திற்குரிய கருவியைச் சுவிச்சில் நிறுத்திய பின், புறங்கையைப் பிளக்கின் அருகே கொண்டுசெல்லலாம். கறையோ உருகலோ தெரிந்தால் கையை அருகே கொண்டுசெல்லவும் கூடாது. நெடுநேரம் இயங்கிய கருவியின் பிளக்கில் இளஞ்சூடு இருத்தல் இயல்பு. கைவைக்க இயலாத சூடு இயல்பன்று.

இடம் தெரிந்துவிட்டால் அதனைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும். இடம் தெரியாவிடின், மின்பகிர்வுப் பெட்டியின் முதன்மைச் சுவிச்சை நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். பிளக்கை மாற்றினால் போதும் என எண்ணுதல் தவறு. பிளக் கருகியிருந்தால் சொக்கற்றின் உள்ளிருக்கும் தகடும் பழுதாகியிருக்கும். இரண்டையும் மாற்றுதல் வேண்டும்.

ஓர் உதாரணம்

ஒரு வீட்டில் சனிக்கிழமைகளில் மட்டும் மீன் வெடில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். குப்பைத்தொட்டி கழுவப்படுகின்றது, கழிவுநீர்க் குழாயில் மருந்து ஊற்றப்படுகின்றது, வெடில் போகவில்லை. நேரத்தைக் குறித்துப் பார்த்தால், முதற் சலவை முடிந்த உடைகள் உலர்த்தியிற் சுழல, இரண்டாம் சலவை தொடங்கும் வேளையில் மட்டுமே அது எழுகின்றது எனத் தெரிகின்றது. சலவை இயந்திரம் தொடக்கத்தில் நீரைச் சூடாக்க 2,000 வாற்று எடுக்கின்றது. உலர்த்தி 2,400 வாற்று எடுக்கின்றது. இரண்டும் ஒரே நீட்டிப்புக் கம்பியிற் செருகப்பட்டுள்ளன. மொத்தம் 4,400 வாற்று; அதாவது 19 அம்பியருக்கு மேல். நீட்டிப்புக் கம்பிக்கு அனுமதிக்கப்பட்டதோ 13 அம்பியர் மட்டுமே. 13 அம்பியர் உருகி ஏறத்தாழ 20 அம்பியரையும் நெடுநேரம் தாங்கக்கூடியதாகையால் அது அறவில்லை. நீர் சூடேறி முடிந்ததும் மின்னோட்டம் குறைய, வெடிலும் குறைகின்றது. ஆறு துளைகள் உள்ளமையால் ஆறு கருவிகளையும் தாங்கும் என்று நம்பியதே இங்கு நேர்ந்த பிழை.

எங்கெங்கு நோக்குதல் வேண்டும்?

அதிக மின்னோட்டம் எடுக்கும் இடங்களையே முதலில் நோக்க வேண்டும். மின்சூடாக்கி, மின்கேத்தில், சலவை இயந்திரம், உலர்த்தி ஆகியவற்றின் பிளக்குகள் முதலிடம் பெறுவன. குளியலறைக் கூரையில் கயிற்றால் இழுக்கும் சுவிச்சு அடுத்தது. 8.5 கிலோவாற்று மின்குளிப்புக் கருவி 37 அம்பியர் அளவு எடுக்கின்றது. அச்சுவிச்சினுள் ஒரு திருகாணி தளர்ந்தாலும் போதும், கூரை கறுக்கும். படிக்கட்டின் கீழுள்ள மின்பகிர்வுப் பெட்டி மூன்றாவது. அதனுள் தளர்ந்த இணைப்புகளால் தீ மூண்டமையாற்றான், 2016 ஆம் ஆண்டு முதல் வீடுகளில் புதிதாகப் பொருத்தப்படும் பெட்டிகளின் உறை உலோகம் போன்ற எரியாத பொருளால் அமைதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அப்பெட்டியைச் சுற்றிப் பழைய பத்திரிகைகளையும் துணிகளையும் அடுக்கிவைத்தல் ஆகாது. சுருட்டியபடியே பயன்படுத்தும் நீட்டிப்புக் கம்பிச் சுருளும் சூட்டை வெளிவிட இயலாது தன்னுள்ளேயே வெந்துபோகும்.

எரிவாயு மணம் வேறு

ஒரு மணத்திற்கு மட்டும் முறை முற்றிலும் மாறுபடும். இயற்கை எரிவாயுவுக்குத் தனியே மணமில்லை. 1937 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலையில், கசிந்த எரிவாயு எவருக்கும் தெரியாமல் நிறைந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மாணவர்கள். அதன் பின்னரே எரிவாயுவில் அழுகிய முட்டையை ஒத்த மணப்பொருளைக் கலப்பது அங்கு கட்டாயமாயிற்று. இங்கும் அவ்வாறே கலக்கப்படுகின்றது. இம்மணம் எழுந்தால் எந்த மின்சுவிச்சையும் போடவோ நிறுத்தவோ கூடாது. சிறுபொறியும் வெடிப்பை உண்டாக்கும். யன்னல்களைத் திறந்து, வெளியே சென்று, 0800 111 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கருகல் மணத்திற்குச் சுவிச்சை நிறுத்துக. முட்டை மணத்திற்குச் சுவிச்சைத் தொடாதிருக்க. இவ்வேறுபாட்டைச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தல் நன்று.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

வாடகை வீட்டில் வாழ்வோர் தமது உரிமையை அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியார் வாடகை வீடுகளின் மின்னிணைப்பை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அவ்வறிக்கையை வாடகையாளருக்கு வழங்குதல் வீட்டு உரிமையாளரின் கடமையாகும். கருகல் மணத்தைப் பற்றி முறையிடுதல் தொந்தரவு ஆகாது. வாயால் சொல்வதுடன் எழுத்திலும் அறிவித்தல் சிறந்தது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு பணி உண்டு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் அம்மம்மாவோ தாத்தாவோ வீட்டில் தனித்திருப்பது எமது குடும்பங்களில் வழக்கம். ஊரில் விறகடுப்பின் புகையை வைத்தே எந்த விறகு எரிகின்றது என்று சொல்லக்கூடிய மூக்கு அவர்களுடையது. ஆனால் இங்கே ஆபத்து வேளையில் தொலைபேசியில் என்ன சொல்வது என்று அவர்கள் தயங்கக்கூடும். வீட்டு இலக்கம், தெருப்பெயர், அஞ்சற்குறி ஆகியவற்றையும், ‘தீ’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் பெரிதாக எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டிவையுங்கள். முதன்மைச் சுவிச்சு எங்கே உள்ளது என்பதை அவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். நீங்கள் இப்பள்ளியிற் கற்ற தமிழெழுத்து ஓர் உயிரைக் காக்குமாயின் அதனினும் பெரிய பயன் வேறில்லை.

மாதத்தில் ஒருநாள் புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி அதன் ஒலியைச் சோதியுங்கள். அதே நாளில் வீட்டிலுள்ள பிளக்குகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சமைக்காத மீன் மணத்தால் அடுத்த முறை வீடு மணக்கும்போது, சட்டியைத் தேடுமுன் சொக்கற்றைத் தேடுவோமாக.